ஃபேன்டசி டீமுக்கு நீங்களே படம் வரையப் போகிறீர்களா? முதலில் என் கொம்புக் கதையைக் கேளுங்கள்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ஃபைல் கையில் சிக்கியது. எங்கள் ஃபேன்டசி கிரிக்கெட் டீமுக்காக நான் சீசன் சீசனாக வரைந்த லோகோ, போஸ்டர், கிறுக்கல் எல்லாம் அதற்குள் பத்திரமாக, பூஞ்சை பிடித்து இருந்தன. கோத்தகிரியில் எங்கள் தெருவில் எட்டுப் பேர், ஐ.பி.எல் வந்துவிட்டால் ஆளுக்கொரு கற்பனை டீம், நிஜ ஆட்டக்காரர்களில் பதினொரு பேரைப் பொறுக்கி வைத்தால் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி, காசு பந்தயமெல்லாம் கிடையாது, கடைசியில் வருகிறவர் மற்ற ஏழு பேருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். (நான் நிறைய வர்க்கி வாங்கியிருக்கிறேன்.) ஆட்டத்தில்தான் தேறவில்லை, படத்திலாவது பெயர் வாங்குவோம் என்று உட்கார்ந்து வரைந்தவை இவை. இப்போது எடுத்துப் பார்த்தால் வரைந்த கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

பெரிய தவறு, ஆட்டக்காரர் முகத்தை வரைவது. 2020 போஸ்டரில் அப்போதைய ஹைதராபாத் கேப்டன் டேவிட் வார்னர், அந்த அணியின் ஆரஞ்சு சட்டையில், சதம் அடித்ததும் எகிறிக் குதிப்பாரே, அந்தக் கோலத்தில். மூன்று ராத்திரி வேலை. அடுத்த வருஷம் மே மாதமே ஹைதராபாத் கேப்டன் பதவி வில்லியம்சனுக்குப் போய்விட்டது, 2022-ல் வார்னர் டெல்லிக்கே போய்விட்டார், என் ஆரஞ்சு சுவரிலேயே நின்றது. அஸ்வினை வரைந்திருந்தால் இன்னும் மோசம்: சென்னை, புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான், மறுபடி 2025-ல் சென்னை என்று அவர் மாற்றிய சட்டைகளுக்கு என்னிடம் பெயிண்டே இருந்திருக்காது. அதுவும் ஃபேன்டசியில் ஆட்டத்துக்கு ஆட்டம் நாமே ஆளை மாற்றுகிறோம், இன்றைக்குக் கேப்டன் என்று இரட்டைப் புள்ளிக்கு நம்பியவரை நாளைக்குப் பதினொரு பேரிலேயே சேர்ப்பதில்லை. அந்த டீமில் மாறாமல் இருப்பது அதன் பெயர், ஊர், நடத்துகிற நாம், இவ்வளவுதான். வரைவதானால் அதை வரையுங்கள்.

சரி, ஊரை வரைவோம் என்று அடுத்த சீசனில் டீமுக்குக் ‘கோத்தகிரி வரையாடுகள்’ என்று பெயர் வைத்தேன். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, எங்கள் நீலகிரியிலேயே முக்கூர்த்திப் பக்கம் இருக்கிறது, யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஆனால் படம்? போனில் ‘மலை ஆடு’ என்று தேடி, வந்ததில் அழகாக இருந்த ஒன்றைப் பார்த்து வரைந்தேன், திருகுத் திருகாக நீண்ட கொம்போடு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது எந்த ஊர் ஆடுடா?” நான் வரைந்திருந்தது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைகளில் இருக்கிற மார்க்கோர். நம் வரையாட்டுக்குக் கொம்பு குட்டையாக, பின்பக்கம் வளைந்து இருக்கும், முறுக்கெல்லாம் கிடையாது. வயதான கடாவின் முதுகில் சேணம் போட்டது போல வெளிர் நிறத் திட்டு ஒன்று இருக்கும், அதை மட்டும் சரியாக வரைந்தாலே தெரிந்தவர்களுக்கு அடையாளம் புரிந்துவிடும். உங்கள் ஊர் மிருகத்தை வரையும்போது இணையத்தில் முதலில் வரும் படத்தை நம்பாதீர்கள்.

இதோடு இன்னொன்று. அந்த லோகோவுக்குச் சுற்றுக்கரையாக நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூவேலையை அப்படியே டிரேஸ் செய்திருந்தேன், வெள்ளையில் சிவப்பும் கறுப்பும், பார்க்க அம்சமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அது 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு, அந்தப் பெண்கள் நூலை எண்ணி எண்ணிப் போடுவது, அந்தப் போர்வையை இறந்தவர்களுக்கும் போர்த்துவார்கள். கடைசி இடத்துக்குப் போட்டி போடுகிற ஒரு டீமின் சட்டையில் அதற்கு என்ன வேலை? எடுத்துவிட்டேன். பொதுச்சொத்து மாதிரித் தெரிகிற எல்லாமே பொதுச்சொத்து இல்லை. ஐ.பி.எல் அணிகளின் லோகோவை வெட்டி ஒட்டுவதும் இப்படித்தான், எட்டுப் பேர் குரூப்பில் யாரும் கேட்கப் போவதில்லை, அதையே டீ-ஷர்ட்டில் அடித்து விற்கப் போனால் கதை வேறு.

இனி எழுத்து. இங்கேதான் நான் நன்றாக மாட்டினேன். ஃப்ளெக்ஸ் அடிக்கக் கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்கு டீம் பெயரை மெசேஜில் அனுப்பினேன், அவர்கள் அதைக் காப்பி செய்து டிசைனில் ஒட்டினார்கள். வந்த ஃப்ளெக்ஸில் ‘கோ’வின் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்க் காலோடு சேர்ந்துகொண்டது. ‘வரையாடு’வில் ரகரத்துக்கு முன் இருக்க வேண்டிய இணைக்கொம்பும் பின்னால். ஏற்கெனவே ஆட்டின் கொம்பு தப்பு, இப்போது எழுத்தின் கொம்பும் தப்பு! காரணம் எளிது: நாம் போனில் தட்டுவது யூனிகோட் என்கிற பொது எழுத்துமுறை, டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் ஒட்டினால் குறிகள் இடம் மாறாமல் வந்த வரிசையிலேயே நின்றுவிடும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு என்றால் யூனிகோட் அதில் அப்படியே ஒட்டாது, அந்த எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே பெயரை எழுத்தாக அனுப்பாமல் நீங்களே அமைத்துப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள், இல்லையென்றால் கையாலேயே எழுதிவிடுங்கள், கையெழுத்தில் கொம்பு ஓடிப்போகாது. எப்படியானாலும் அச்சுக்குப் போகும் முன் கடைத் திரையில் இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படியுங்கள்.

படத்தை அனுப்பும் விதத்திலும் கோட்டை விட்டேன். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஏ4 அளவில் தெளிவாக அச்சடிக்க 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480-க்கு 3508 பிக்ஸல் வேண்டும். நிறமும் ஏமாற்றும். திரை ஒளியால் காட்டுகிற பளீர் பச்சையை மையால் கொண்டுவர முடியாது, நான் கேட்டது கொழுந்துப் பச்சை, வந்தது சுவர்ப் பாசி.

ஈரத்தைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே மறந்துவிட்டது. 2020 ஐ.பி.எல் செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை நடந்தது, அங்கே துபாய் வெயில், இங்கே வடகிழக்கு மழை. போஸ்டர் பெயிண்ட் இரண்டு நாளாகியும் விரலில் ஒட்டியது. பொறுமையில்லாமல் லேமினேட் செய்தேன், உள்ளே மாட்டிய ஈரம் வார்னரின் கன்னத்தில் கறுப்புப் புள்ளிகளாக முளைத்தது. சாதா ஏ4 தாள் வேண்டாம், தண்ணீர் பட்டால் அப்பளம் போல நெளியும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளை நாலு பக்கமும் அட்டையில் டேப் போட்டு ஒட்டி, அடுப்படிக் கதகதப்பில் ஒரு வாரம் விடுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். வாட்ஸ்அப் டிபி வட்டம், மூலையில் எழுதிய டீம் பெயர் வெட்டுப்படும். பருத்திச் சட்டையில் சப்ளிமேஷன் அச்சு (சூட்டால் மையைத் துணியில் ஏற்றுவது) நிற்காது, அதற்குப் பாலியஸ்டர் வேண்டும். அதைவிட, எங்கள் ஊரில் நெஞ்சில் லோகோ போட்ட ஜெர்ஸி எதற்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்வெட்டர் மூடிவிடுமே? குல்லாவில் போடுங்கள்.

இந்த சீசன் படம் இப்போது அடுப்படி அலமாரி மேல் காய்கிறது. ஒரே ஒரு வரையாடு, முதுகில் வெளிர் திட்டு, குட்டைக் கொம்பு, பெயர் என் கையெழுத்தில். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, கொம்பு பரவாயில்லை, காதுதான் கொஞ்சம் முயல் மாதிரி இருக்கிறது என்றார்.