ஆணிகளை எண்ணி பெடல் வாங்காதீர்கள்

கற்கள் உருண்டு கிடக்கும் இறக்கத்தில் மவுண்டன் பைக் எனும் மலைப்பாதை சைக்கிள் எகிறும்போது கால் பெடலை விட்டு அரை அங்குலம் எழும்பினாலே போதும். பாதம் கீழே வரும்போது பெடல் பழைய இடத்தில் இருக்காது. சுழன்று வந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பும் தோலும் ஒட்டியிருக்கும் இடத்தில் பாய்ந்திருக்கும். என் வலது காலில் அப்படி வரிசையாக நான்கு தழும்புகள் இருக்கின்றன. நான்கும் நான் ஆசை ஆசையாக வாங்கிய முதல் ஃபிளாட் பெடல் (ஷூவைப் பூட்டிக்கொள்ளாமல் பாதத்தை மேலே வைத்து மிதிக்கும் தட்டையான பெடல்) போட்டவை. அதை வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை ஆணிகள் இருக்கின்றன என்று.

பெடலின் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு உலோகத் துண்டுகளைக் கடைகளில் 'பின்' என்பார்கள். ஆணி என்றே சொல்கிறேன், குழப்பம் இருக்காது. ஆணி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பிடிமானம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். ஆனால் நம் உடல் எடை அத்தனை ஆணிகளுக்கும் பங்காகிறது. நெருக்கமாக இருபது ஆணிகள் இருந்தால் ஒவ்வொன்றின் மீதும் விழும் அழுத்தம் குறைந்து, ஷூ அவற்றின் மேல் மிதந்து நிற்கும். ஒரு பக்கத்துக்குப் பத்து ஆணிகள், 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில், மெல்லிய நுனியோடு, பெடலின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் இருந்தால் அவை ரப்பருக்குள் ஆழமாக இறங்கும். நடுவில் இருக்கும் ஆணிகள் விளிம்பில் இருப்பவற்றைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே வார்த்த மொட்டைக் குமிழ்கள் மட்டும் உள்ள பெடலை மலைப்பாதைக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஈரம் பட்டதும் அவை வழுக்கும்.

ஆணியைவிட முக்கியமானது பெடலின் குழிவு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அச்சும் பேரிங்கும் பெடலின் நடுவில்தான் ஓடுகின்றன. அதனால் மலிவான பெடல்களில் நடுப்பகுதி புடைத்து, முன்னும் பின்னும் சரிந்திருக்கும். அதன் மேல் நிற்பது உருளைக்கட்டை மேல் நிற்பது போல; ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாதம் முன்னேயோ பின்னேயோ நகரும். நல்ல பெடலில் நடுப்பகுதி தாழ்ந்து, விளிம்புகள் உயர்ந்து, பாதம் ஒரு தட்டுக்குள் உட்கார்ந்ததுபோல இருக்கும். வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான், ஆனால் கால் அதை உடனே உணரும். கடையில் ஓர் அடிக்கோலை முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு ஆணிகளின் மேல் வைத்துப் பாருங்கள். அடிக்கோல் நடுவில் முட்டி, விளிம்புகளில் ஆடினால் அந்தப் பெடலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மிக மெல்லிய சில பெடல்களில் பேரிங் முழுவதும் கிராங்க் (பெடல் மாட்டப்படும் கை) பக்கமாக ஒதுங்கி அங்கே ஒரு புடைப்பு இருக்கும். ஷூவின் உள்விளிம்பு அதன் மேல் ஏறி உட்காரும் என்பதால் அதையும் தடவிப் பாருங்கள்.

அடுத்த தவறு, பெடலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஓட்டப்பயிற்சி ஷூவோடு ஏறுவது. ஓடுவதற்கான ஷூவின் அடிப்பகுதி நுரைபோல மெத்தென்று இருக்கும். அது பெடலின் மேல் வளைந்து, பாதத்தை அரை மணி நேரத்திலேயே களைப்பாக்கிவிடும். மலையேறும் பூட்ஸில் ரப்பர் கெட்டியானது, பள்ளங்களும் ஆழமானவை. ஆணி அந்தப் பள்ளத்துக்குள் போய் சும்மா நிற்கும், எதையும் கவ்வாது. நமக்கு வேண்டியது தட்டையான, ஆழமில்லாத வடிவமும், ஆணியைச் சுற்றி அமுங்கி மெதுவாக மீளும் மென்மையான ரப்பரும். பாறை ஏறுபவர்களின் ஷூவுக்கும் இதே குணம்தான் தேவை. 1985-இல் பாறை ஏறுபவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபைவ் டென் நிறுவனம், அவர்களுக்கென உருவாக்கிய ஸ்டெல்த் ரப்பரைப் பிறகு சைக்கிள் ஷூவுக்கும் கொண்டுவந்தது தற்செயல் அல்ல. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் ஷூவை வாங்குங்கள் என்பேன். சாதாரணப் பெடலை நல்ல ஷூ காப்பாற்றும். நல்ல பெடலாலும் வழுக்கும் ஷூவைக் காப்பாற்ற முடியாது.

பிடிமானம் அளவுக்கு மீறினாலும் தொல்லைதான். நீண்ட ஆணியும் மென்மையான ரப்பரும் சேர்ந்தால் பாதத்தைச் சற்று நகர்த்தி வைக்கக்கூடக் காலைத் தூக்க வேண்டியிருக்கும். அப்போது நடுவில் உள்ள இரண்டு மூன்று ஆணிகளைக் கழற்றிவிடலாம், அல்லது ஆணிக்கு அடியில் வாஷர் போட்டு உயரத்தைக் குறைக்கலாம். இப்படி மாற்ற வழியுள்ள பெடலைத் தேடி வாங்குவது நல்லது.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். பெடலின் மேல்பரப்பு பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அகலம் கூடக்கூட, வளைவுகளிலும் பாறை இடுக்குகளிலும் பெடல் இடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சிறிய பாதத்துக்குப் பெரிய பெடல் தேவையே இல்லை. கிராங்க்பிரதர்ஸ் நிறுவனத்தின் ஸ்டாம்ப், ஷிமானோ நிறுவனத்தின் எக்ஸ்டி வரிசை ஃபிளாட் பெடல் ஆகியவை ஷூ அளவுக்கேற்ப இரண்டு அளவுகளில் வருவது இதனால்தான்.

இனி பெடல் எவ்வளவு நாள் உழைக்கும் என்பது பற்றி. பெடல் என்பது வண்டியிலேயே பாறையோடு அதிகம் மோதும் பொருள்களில் ஒன்று. அடிபடாத பெடலைத் தேடுவதில் பயனில்லை. அடிபட்ட பின் சரிசெய்ய முடிகிற பெடலா என்று பாருங்கள். இதில் முதல் சோதனை, ஆணி எந்தப் பக்கத்திலிருந்து திருகப்பட்டிருக்கிறது என்பது. சில பெடல்களில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் குழி ஆணியின் நுனியிலேயே இருக்கும். பாறையில் முதலில் தேய்வது அந்த நுனிதான். குழி நசுங்கிவிட்டால் சாவி நுழையாது, ஆணியைக் கழற்ற இடுக்கியோடு மல்லுக்கட்ட வேண்டும். மறுபக்கத்திலிருந்து திருகி, தலை கீழே பாதுகாப்பாக இருக்கும் ஆணி வளைந்தாலும் கழன்று வரும். ஒரே ஒரு காரணத்துக்காகப் பெடல் வாங்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிளாஸ்டிக் பெடல் என்றால் முகம் சுளிப்பதும் தவறு. இப்போது வரும் நைலான் கலவைப் பெடல்கள் உறுதியானவை. பாறையில் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம்போல இடித்து நின்று வண்டியைத் திருப்பிவிடாது. கீறல் விழுந்தாலும் கூர்முனை உண்டாகாது, விலையும் குறைவு. அலுமினியத்தின் பலம் வேறு: அதை இன்னும் மெல்லியதாகச் செய்யலாம், ஆணியின் மரை அதில் நீண்ட நாள் நிற்கும். வாரம் தவறாமல் கரடுமுரடான பாதையில் போகிறவர் அலுமினியம் வாங்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் நைலான் பெடலை வாங்கி, மிச்சப் பணத்தை ஷூவில் போடலாம். எடையைக் குறைக்க டைட்டானியம் அச்சு வாங்குவதை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. பலவற்றுக்கு ஓட்டுபவரின் எடையில் வரம்பு உண்டு. குரோமோலி எனும் கலப்பு எஃகு அச்சே நம்மில் பெரும்பாலோருக்குப் போதும்.

கடையில் பெடலை விரலால் சுண்டிவிட்டு, நெடுநேரம் சுற்றினால் நல்லது என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இது தலைகீழான சோதனை. உள்ளே நிறைய கிரீஸும், மண் நுழையாதபடி இறுக்கமான சீலும் இருந்தால் புதுப் பெடல் கொஞ்சம் சோம்பலாகத்தான் சுற்றும். காற்றாடிபோலச் சுற்றுவது பல சமயம் கிரீஸ் போதவில்லை என்பதன் அடையாளம். சுண்டுவதற்குப் பதில், அச்சைப் பிடித்துக்கொண்டு பெடலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரியக் கூடாது. பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள்: பேரிங், புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் சிறு குழல்), சீல் தனியாகக் கிடைக்குமா, உதிரி ஆணி கிடைக்குமா? பதில் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பெடலின் ஆயுள் அதன் முதல் பேரிங் வரைதான். வீட்டில் வேகமான தண்ணீர்ப் பீய்ச்சியை நேராக அச்சை நோக்கிப் பிடிப்பதும் சீலைத் தாண்டிக் கிரீஸைக் கழுவிவிடும்.

எல்லாம் சரியாக வாங்கியும் கால் நழுவுகிறது என்றால், பெடலை மாற்றும் முன் குதிகாலைப் பாருங்கள். இறக்கத்தில் குதிகால் தாழ்ந்திருந்தால், வண்டி கல்லில் மோதும்போது பாதம் பெடலுக்குள் அழுந்தும். குதிகால் தூக்கி நின்றால் எந்த ஆணியும் காப்பாற்றாது. ஃபிளாட் பெடல் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் ஃபிளாட் பெடலில்தான் 2007-லும் 2010-லும் டவுன்ஹில் எனும் மலை இறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார். பிறகு 2017 முதல் 2019 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எண்டியூரோ (இறக்கப் பகுதிகளுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் பந்தயம்) உலகத் தொடரையும் அதே வகைப் பெடலில் வென்றார்.

கடைசித் தவறு மாட்டும்போது நடக்கிறது. மவுண்டன் பைக் கிராங்கில் மரை அநேகமாக 9/16 அங்குலம். இடது பெடலின் மரை தலைகீழானது. ஸ்பேனரின் மேல்முனையை முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். அங்கே ஸ்பேனரால் பலம் காட்டினால் பெடலுக்கு ஒன்றும் ஆகாது, கிராங்கின் அலுமினிய மரைதான் வழித்துக்கொண்டு போகும். பெரும்பாலான பெடல்களுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். முதல் சவாரி முடிந்து வந்ததும் பெடலையும் ஒவ்வோர் ஆணியையும் ஒருமுறை திருகிப் பாருங்கள். புதுப் பெடலில் ஆணிகள் தளர்ந்து விழுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான்.