வளாகத்து கொரோனா வைரஸ் பரிசோதனை: புதிதாகச் சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியதும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம் என்று ஓடுவீர்கள். அந்த அவசரத்தில், கொரோனா வைரஸ் பரிசோதனைக்குப் பதிவு செய்யச் சொல்லும் மின்னஞ்சல் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். 2020 இலையுதிர் பருவத்தின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்துக்கு வந்த மாணவர்களும் ஊழியர்களும் வாரம் இருமுறை எச்சில் கொடுத்தார்கள். கொடுக்காமல் விட்டவர்களால் கட்டடத்துக்குள் நுழைய முடியவில்லை.

'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்று தோன்றும். இந்த ஏற்பாடே ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான். கொரோனா தொற்றியவர், தொண்டை கரகரக்கும் முன்பே மற்றவருக்குப் பரப்பிவிடலாம். காய்ச்சல் உள்ளவர் எப்படியும் படுத்துவிடுவார். நன்றாக நடமாடுபவரை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவு செய்யும்போது நம்மவர்களுக்கு வரும் முதல் சிக்கல் பெயர். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. பல்கலைக்கழகப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். இல்லையென்றால் முடிவு வந்தும் உங்கள் கணக்கில் ஏறாமல் கிடக்கும்.

எச்சில் பரிசோதனை என்றால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் காபி, சூயிங்கம், பல் துலக்கல் எதுவும் வேண்டாம். குழாயில் போட்டிருக்கும் கோடு வரை திரவம் நிற்க வேண்டும். மேலே மிதக்கும் நுரை கணக்கில்லை. பக்கத்தில் பத்துப் பேர் நிற்கும்போது துப்பக் கூச்சமாக இருக்கும், அவர்களும் அதையேதான் செய்கிறார்கள். வைரஸின் புரதத்தைத் தேடும், வீட்டிலேயே செய்யும் ஆன்டிஜென் கிட்டில், குறித்த நேரத்துக்குள் தொற்றைக் காட்டும் 'டி' (T) கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஒரே விடுதி வீட்டில் இருப்பவர்களின் மாதிரிகளை ஒரே குழாயில் போட்டுச் சோதித்தார்கள். இப்படிக் கூட்டாகச் சோதிக்கும் இடத்தில் உங்கள் குழு பாசிட்டிவ் என்று செய்தி வந்தால் பதறாதீர்கள். அடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாக எடுப்பார்கள்.

பாசிட்டிவ் வந்துவிட்டதா? ஒரு வீட்டை நாலைந்து பேர் பகிர்ந்து, ஒரே அடுப்பில் சமைப்பவர்கள் நாம். முதலில் அறைத்தோழர்களிடம் சொல்லுங்கள். மறைத்துப் பிறகு தெரிந்தால் வரும் மனக்கசப்பு காய்ச்சலை விட நீளமானது. பேராசிரியருக்கு எந்தத் தேதி வரை வர முடியாது என்று மட்டும் எழுதினால் போதும், நோய் விவரம் முழுதும் தேவையில்லை. வகுப்பு எடுக்கும் ஆய்வு மாணவர்களும் ஊழியர்களும் அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், மாற்று ஏற்பாட்டுக்கு அவருக்கும் நேரம் வேண்டும். வீட்டுக்குச் சொல்வதானால், முடிவின் படத்தை அனுப்பாமல் போன் செய்து பேசுங்கள். படம் மட்டும் போனால் அங்கே இரவு முழுக்கத் தூக்கம் இருக்காது.

அப்புறம், அந்த பாசிட்டிவ் முடிவை அழிக்காமல் வைத்திருங்கள். குணமான பிறகும், வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனையில் வைரஸின் மிச்சங்கள் வாரக்கணக்கில் தெரியலாம். அதனாலேயே பல பல்கலைக்கழகங்கள் குணமானவர்களுக்கு 90 நாள் விலக்குக் கொடுத்தன. உங்கள் இடத்திலும் அப்படி விலக்கு இருந்தால், அதைக் கேட்க இந்தச் சான்று வேண்டும்.

நெகட்டிவ் வந்தால் அது மாதிரி எடுத்த நேரத்துக்கான பதில். மறுநாள் தொண்டை வலித்தால் அடுத்த முறை வரும் வரை காத்திருக்காமல் வகுப்பைத் தவிர்த்துவிட்டு, சுகாதார மையத்துக்குப் போன் செய்து தனியாக நேரம் கேளுங்கள்.