கனடாவில் படிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு: முதல் வரிப் பத்திரத்தை நிரப்புவது எப்படி?

பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரவு ஏழரை மணி. பிரம்டனில் தம்பிக்குக் காலை பத்து. வட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, இது என்ன?" என்றான். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தா. "வயல் வித்துப் படிக்க அனுப்பின பிள்ளை என்னத்துக்கு வரி கட்டோணும்?"

வரி என்றதும் வன்னியில் பெரியவர்களுக்கு வேறு ஞாபகங்களும் வரும். அதை விடுவோம். அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: பத்திரம் நிரப்புவது வேறு, வரி கட்டுவது வேறு. படிக்கும் பிள்ளை அனேகமாகக் கட்டுவதில்லை. சம்பளத்தில் வரியாகப் பிடித்த காசைத் திரும்ப எடுக்கத்தான் நிரப்புகிறது. நானும் அங்கே படித்துவிட்டு வந்தவள். முதல் வருடம் "உழைப்பு இல்லை, தேவையில்லை" என்று யாரோ சொன்னதை நம்பிச் சும்மா இருந்து, அடுத்த வருடம் இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

முதலில், திகதி

கனடாவின் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பத்திரம் அடுத்த வருடம் ஏப்ரல் 30க்குள் கனடாவின் வரித் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2025 வருமானம் என்றால் 2026 ஏப்ரல் 30. கட்ட வேண்டிய வரி இருந்து பிந்தினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் தண்டம், பிறகு மாதத்துக்கு 1 சதவீதம். கட்ட ஒன்றுமில்லை என்றால் தண்டமும் இல்லை.

வேறு நாட்டில் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவுஸ்திரேலியாவில் வரி ஆண்டு ஜூன் 30இல் முடியும், ஒக்ரோபர் 31 கடைசி நாள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் புதிதாகப் போனவர்கள் ஒரு சதம் உழைக்காவிட்டாலும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும்.

தாள்களைச் சேர்த்தல்

சின் (SIN) இலக்கம் வேண்டும், வேலைக்கும் வரிக்கும் அரசு ஒவ்வொருவருக்கும் தரும் இலக்கம் அது. படிக்கப் போனவர்களுக்கு அது 9இல் தொடங்கும். வேலை செய்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் ரி4 (T4) என்ற சம்பளத் தாள் வரும். கல்லூரியின் இணையக் கணக்கில் ரி2202 (T2202) என்ற கட்டணத் தாள் கிடக்கும், தபாலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டும் பெப்ரவரி முடிவுக்குள் வந்துவிட வேண்டும். ஜிஐசி (GIC) என்ற வைப்பைக் கனடா வங்கியில் போட்டு வந்திருந்தால் அதன் வட்டிக்கு வங்கி ரி5 (T5) என்ற தாளைத் தரும்.

இனிமேல்தான் எங்கள் ஆட்களுக்கே உரிய சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பாவின் பெயர்தான். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, வேலையிடத்தில் தலைகீழாக, வங்கியில் இன்னொரு மாதிரி இருக்கும். தம்பியின் ரி4இல் அப்பாவின் பெயர்தான் அவனுடைய பெயர். சின் கடிதத்தில் உள்ளபடியே பத்திரத்தில் எழுதுங்கள், எழுத்துக்கூட்டல் உட்பட. ஒத்துவராவிட்டால் இணையவழி அனுப்பும்போது திருப்பிவிடும். அப்படி வந்தால் அச்சடித்து, கையெழுத்து வைத்துத் தபாலில் போடலாம்.

வந்த திகதியும் ஊர் வட்டியும்

முதல் பத்திரத்தில் கனடாவுக்கு வந்து சேர்ந்த நாளைக் கேட்பார்கள். அங்கே வீடு, வங்கிக் கணக்கு என்று குடியிருக்கத் தொடங்கினால் வரிக் கணக்கில் நீங்கள் கனடா வாசி. விசா தற்காலிகம் என்பது இதில் பெரிதாகப் பேசாது. அன்றிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும். கிளிநொச்சி வங்கியில் உங்கள் பெயரில் கிடக்கும் நிலையான வைப்பின் வட்டியும் அதில் அடக்கம். பலருக்கு இது தெரியாது. வீட்டிலிருந்து அனுப்பும் படிப்புக் காசு வருமானம் இல்லை, அதைக் காட்டத் தேவையில்லை.

ரி4ஐ வாசித்தல்

தம்பியிடம் நாலு பெட்டிகளை மட்டும் பார்க்கச் சொன்னேன். 14 மொத்தச் சம்பளம். 16 ஓய்வூதியத்துக்குப் பிடித்தது. 18 வேலையிழப்புக் காப்புறுதி. 22 வருமான வரி. அவனுக்கு 14இல் 9,400 டொலர், 22இல் 310. 2025இல் மத்திய அரசு வரி விதிக்காத அடிப்படைத் தொகை 16,129 டொலர், பிரம்டன் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துக்கு 12,747. அவன் வருடம் முழுக்க அங்கே இருந்தவன், சம்பளம் இரண்டுக்கும் கீழே. ஆகவே அந்த 310உம் அவனுக்கே. "அப்ப பைல் பண்ணாட்டி?" என்றான். அது அங்கேயே கிடக்கும்.

கையில் காசாகத் தந்த வேலைக்கு ரி4 வராது. அதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகாது.

கல்லூரிக் கட்டணம்

வயல் விற்ற காசு கணக்கில் ஏறும் இடம் இதுதான். ரி2202இல் உள்ள கட்டணத்தைப் பத்திரத்தோடு வரும் அட்டவணை 11இல் (Schedule 11) போடுங்கள். உடனே காசாக வராது. இந்த வருடம் வரி இருந்தால் அதைக் குறைக்கும். மிச்சம் அடுத்தடுத்த வருடங்களுக்குப் போகும். படிப்பு முடிந்து நல்ல வேலை கிடைத்ததும் கட்ட வேண்டிய வரியில் கழியும். வருமானமே இல்லாத வருடத்திலும் நிரப்பச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

உதவிப் பணம்

19 வயதானவர்களுக்கு, வருமானம் குறைவென்றால், ஜிஎஸ்ரி கிரெடிட் (GST credit) என்று அரசு தரும் உதவிப் பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். வந்த புதிதில் அதைக் கேட்டு ஆர்சி151 (RC151) படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். பிறகு வருடாந்தப் பத்திரமே போதும். ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர்கள் மாகாண உதவிப் பணத்தைக் கேட்கும் ஒன்-பென் (ON-BEN) படிவத்தையும் பத்திரத்தோடு சேருங்கள். பேஸ்மன்ற் வீட்டுக்காரர் பற்றுச்சீட்டுத் தரப் பஞ்சிப்படுவார். வாடகையை ஈ-ட்ரான்ஸ்பரில் கட்டினால் உங்களிடம் பதிவாவது இருக்கும்.

அனுப்புதல்

மார்ச், ஏப்ரலில் தொண்டர்கள் இலவசமாகச் செய்து தரும் முகாம்கள் உண்டு. இலவச மென்பொருளும் உண்டு. முதல் தடவை முகாமுக்குப் போங்கள், அடுத்த வருடம் நீங்களே செய்வீர்கள். சில வாரத்தில் மதிப்பீட்டுக் கடிதம் வரும். அடுத்த வருடங்களுக்குப் போகும் கல்லூரிக் கட்டண மிச்சம் எவ்வளவு என்று அதில் இருக்கும். தாள்களை ஆறு வருடம் வைத்திருங்கள். வரி பாக்கியென்று மிரட்டி, கிப்ட் கார்ட் வாங்கச் சொல்லி யாராவது அழைத்தால் போனை வையுங்கள்.

படிப்பு முடிந்து ஊருக்கே திரும்புகிறவர்கள் கடைசிப் பத்திரத்தில் வெளியேறிய திகதியைப் போட வேண்டும். என்னோடு திரும்பிய ஒரு பிள்ளை அதை மறந்துவிட்டாள். முள்ளியவளையில் இருந்துகொண்டு மூன்று தடவை ஜிஎஸ்ரி காசு வாங்கி, பிறகு அத்தனையையும் திருப்பிக் கட்டினாள்.