சேக்ரத்தில் ஸ்க்ரூ: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் இலியோசேக்ரல் ஸ்க்ரூ போடும்போது பக்கத்தில் நின்றேன். இடுப்பு முறிவில், பக்கவாட்டு இடுப்பெலும்பான இலியத்தின் வழியே, முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரத்துக்குள் போகும் ஸ்க்ரூ அது. ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் கைடு வயர், இடுப்பை மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் இன்லெட் எக்ஸ்ரேயிலும் கீழிருந்து சாய்வாகப் பார்க்கும் அவுட்லெட் எக்ஸ்ரேயிலும் எலும்புக்குள்தான் தெரிந்தது. "ட்ரில் பண்ணிடலாமா சார்?" என்றார். "எஸ்1-ல இடம் எவ்வளவு இருக்குன்னு சி.டி.யில அளந்தியாப்பா?" என்று கேட்டேன். (எஸ்1 சேக்ரத்தின் மேல் துண்டு, எஸ்2 அதற்கு அடுத்தது.) அளக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் அளக்காமல்தான் ட்ரில் செய்தேன்.

சேக்ரத்தின் வடிவத்தைப் பார்க்காமல் தொடங்குவது

என் நோயாளி பைக்கில் அடிபட்ட இளைஞர். தோலில் ஒரு சென்டிமீட்டர் கீறல், ஒரே ஸ்க்ரூ, சீக்கிரமே முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் கால் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை.

மறுபடி சி.டி. எடுத்தோம். இலியத்தைத் தாண்டிய ஸ்க்ரூ, ஏலாவுக்கு (சேக்ரத்தின் பக்கவாட்டு இறக்கை) முன்னால் எலும்பைவிட்டு வெளியே வந்து, திரும்பவும் எஸ்1-க்குள் நுழைந்திருந்தது. பெருவிரலைத் தூக்க வைக்கும் எல்5 நரம்பு ஓடுவது ஏலாவின் அந்த முன்பரப்பில்தான். ஸ்க்ரூவை எடுத்தோம். விரலுக்குப் பலம் மெல்லத்தான் திரும்பியது, அதுவும் முழுதாக இல்லை.

ஆபரேஷனுக்கு முன்பே சி.டி. கையில் இருந்தது. அதில் முறிவை மட்டும் பார்த்தேன், சேக்ரத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

அவருடையது டிஸ்மார்ஃபிக் சேக்ரம், அதாவது வழக்கமான வடிவத்தில் இல்லாத சேக்ரம். அபூர்வமான ஒன்றல்ல, அடிக்கடி வரும். அவுட்லெட்டில் சேக்ரத்தின் மேற்பகுதி இலியாக் க்ரெஸ்டுகளின் (இலியத்தின் மேல் விளிம்புகள்) மட்டத்துக்கு ஏறி நிற்கும். ஏலா செங்குத்தாகச் சரியும். மேல் நரம்புத் துளைகள் வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கும். எஸ்1, எஸ்2 நடுவே டிஸ்க் மிச்சம் தெரியும். இப்படிப்பட்ட சேக்ரத்தில் எஸ்1 பாதை குறுகலானது, சாய்வானது. குறுக்கே நேராகப் போகும் ஸ்க்ரூவுக்கு அங்கே இடம் கிடைக்காது. எஸ்2-ல் பெரும்பாலும் தாராளமாக இருக்கும்.

பக்கவாட்டிலிருந்து எடுக்கும் லேட்டரல் வியூ கட்டாயம் வேண்டும். இரண்டு பக்க சயாட்டிக் நாட்சும் (இடுப்பெலும்பின் பின்பக்கப் பள்ளம்) ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். சாதாரண சேக்ரத்தில், இலியத்தின் கெட்டியான எலும்பு வெள்ளையாகத் தெரியும் இலியாக் கார்ட்டிகல் டென்சிட்டி கோடு ஏலாவின் சரிவைக் காட்டிக்கொடுக்கும். வயர் அதற்குக் கீழே, பின்னால் நிற்க வேண்டும். டிஸ்மார்ஃபிக் சேக்ரத்தில் அந்தக் கோட்டை நம்பாதீர்கள், ஏலாவின் சரிவோடு அது பொருந்தாது. அங்கே சி.டி.யில் போட்ட திட்டம்தான் துணை.

எல்லோருக்கும் ஒரே கோணம்

இன்லெட், அவுட்லெட் கோணம் ஆளுக்கு ஆள் மாறும். சி.டி.யின் சஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற) படத்தில் முந்தின நாளே அளந்து, சி-ஆர்ம் (ஆபரேஷன் அறை எக்ஸ்ரே கருவி) ஆபரேட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

விலகிய எலும்பைச் சேர்க்காமல் ஸ்க்ரூ

விலகல் கூடக்கூட ஸ்க்ரூவின் பாதை சுருங்கும். முதலில் எலும்பைச் சேர்த்துவிடுங்கள்.

நரம்புத் துளை வழியே போகும் முறிவை இறுக்குவது

முனைப்பக்கம் மட்டும் மரை உள்ள பாதி மரை ஸ்க்ரூவால் இறுக்கினால் துளைக்குள் இருக்கும் நரம்பு நசுங்கலாம். இங்கே, இறுக்காமல் பிடித்து நிறுத்தும் முழு மரை ஸ்க்ரூ.

குடல் வாயு

குடல் வாயு மறைத்து எக்ஸ்ரேயில் நரம்புத் துளைகள் தெரியவில்லையா, அன்றைக்கு ஸ்க்ரூ வேண்டாம்.