பரணில் கிடக்கும் பாட்டு கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

கேசட் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியதும் டேப் ரெக்கார்டரைத் தேடி ஓடாதீர்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரித்து வையுங்கள்.

கம்பெனி வெளியிட்ட படப்பாட்டு கேசட்டுகள் ஒரு குவியல். தொகுப்புகளும் மறுவெளியீடுகளும் இரண்டாவது. இதை அடையாளம் காண நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவரே போதும். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் காலமானார். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963இல். அப்படியானால் உங்கள் வீட்டில் இருக்கும் அவருடைய நாதஸ்வர கேசட் பழைய பதிவிலிருந்து பின்னால் எடுத்த மறுவெளியீடாகத்தான் இருக்க முடியும். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகி குரலும் அவர் நாதஸ்வரமும் சேர்ந்த பாட்டு, ஜானகி தொகுப்பிலும் வரும், முருகன் பாட்டுத் தொகுப்பிலும் வரும். அட்டையில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்தோடு இருக்கும் ஆண்டு ஒலிப்பதிவுக்கானது. ‘சி’ எழுத்தோடு இருப்பது அட்டைப் படம், எழுத்து போன்றவற்றுக்கு. மறுவெளியீட்டில் இந்த ஆண்டை மட்டும் பார்த்து, பாட்டே அப்போதுதான் வந்தது என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது குவியலில்தான் உயிர் இருக்கிறது: கோயில் கொடைத் திருவிழாவில் பதிந்த வில்லுப்பாட்டு, ரெக்கார்டிங் சென்டரில் வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள். படப்பாட்டு எங்கேயும் கிடைக்கும். நம்ம ஊர்ச் சுடலைமாடன் கொடையில் அந்த ராத்திரி பாடிய கதை அந்த ஒரு ரீலில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே வேலையை இங்கிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொன்றின் அட்டையையும் உள்தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பாட்டு அழியாது. ரீலில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். நான் அவசரப்பட்டு ஒன்றை ஓட்டினேன். ரீல் ரப்பர் உருளையில் சுற்றி அறுந்தது. பெரியப்பா குரல் இருந்த பக்கம் அது. இன்றும் மனசு ஆறவில்லை. நல்ல கேசட்டையும் முன்னும் பின்னும் ஒருமுறை முழுசாகச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள்.

அடுத்தது இணைப்பு. லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஓட்டை பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து வைத்தது; டேப்பின் ஒலியை வாங்க அது ஒத்துவராது. லைன்-இன் (ஒலியை உள்ளே வாங்கும் துளை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கி, டேப் ரெக்கார்டரின் லைன்-அவுட்டிலிருந்து (ஒலியை வெளியே அனுப்பும் துளை) ஒயர் கொடுங்கள். லைன்-அவுட் இல்லையென்றால் ஹெட்போன் துளையும் ஆகும். வால்யூமைப் பாதிக்குக் கீழே வையுங்கள்.

ஒலியைப் பதிய ஆடாசிட்டி (Audacity) என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ஸ்டீரியோ, 44,100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒலி அளவு பார்க்கும்போது பாடகரின் பேச்சை வைத்துப் பார்க்காதீர்கள்; வீசுகோல் வில்லில் விழுந்து, குடமும் உடுக்கையும் சேர்ந்து முழங்கும் இடத்தைத் தேடி ஓட்டுங்கள். அங்கே ஒலி மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் மற்ற இடமெல்லாம் தானாகச் சரியாகிவிடும். பிறகு முதலிலிருந்து ஓட விடுங்கள். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், அவ்வளவு நேரமும் ஓடத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் ஒரு கோப்பு. துண்டு துண்டாக வெட்டாதீர்கள். மூலப் பிரதியில் இரைச்சல் நீக்கியைத் தொடவே தொடாதீர்கள். ரீலின் ‘ஸ்ஸ்’ சத்தமும் ஜால்ராவின் கணீரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ஒலிப்பவை. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். 16 பிட் வேவ் (WAV) கோப்பாகச் சேமித்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. இடம் போதாவிட்டால் ஃபிளாக் (FLAC) ஆக மாற்றுங்கள்; தரம் குறையாது. எம்பி3 போனில் கேட்க மட்டும்.

பெயர் வைக்கும்போது, பலர் பாடிய தொகுப்புக்கு ஆல்பம் கலைஞர் என்ற இடத்தில் ‘பல்வேறு கலைஞர்கள்’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் போனில் ஒரே கேசட் பத்து ஆல்பமாகச் சிதறிக் கிடக்கும். சீட்டு எழுதிப் பதிந்த கேசட்டில் பாட்டு வரிசையை மாற்றாதீர்கள். எதற்குப் பின் எது என்று உட்கார்ந்து யோசித்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரையும் குறிப்பில் சேருங்கள்.

பென் டிரைவ் ஒன்றிலும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் நகல் வையுங்கள். கம்பெனி பாட்டுகளை இணையத்தில் ஏற்ற வேண்டாம்; ஒலிப்பதிவு உரிமை வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கொடைப் பதிவு என்றால் பாடிய புலவர் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டுங்கள். உறையில் ‘சித்திரைக் கொடை’ என்று எழுதியிருந்த கேசட்டைக் கேட்டுவிட்டு எங்கள் ஆச்சி சொன்னாள்: “ஏல, இது ஆடிக் கொடைல்லா. பின்னால மழ பேயுது கேளு.” ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். உடுக்கைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மழை விழுந்துகொண்டிருந்தது.