விறாந்தையை நீட்டுமுன்: வன்னியில் கட்டட அனுமதித் தவறுகள்

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு பிள்ளைகள் வளர்ந்ததும் போதாமல் போகிறது. பின்னால் ஒரு குசினி, முன்னால் விறாந்தை, கையில் காசு இருந்தால் தெருவோரம் ஒரு கடை. பிளான் கீறும் என்னிடம் வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இதுதான். கையொப்பம் விடுபட்டது, காணி உறுதியின் பிரதி இணைக்காதது எல்லாம் பிரதேச சபையின் கருமபீடத்திலேயே திருத்தப்பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“புது வீட்டுக்குத்தானே அனுமதி?”

இல்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் மாற்றங்களையும் சேர்த்தே பேசுகிறது. கூரை போடுவது, வெளிச்சுவர் எழுப்புவது, ஒரு வீட்டை இரண்டாக்குவது, கொட்டிலைக் குடியிருக்கும் அறையாக்குவது எல்லாம் அதற்குள் வரும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதியென்றால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. உங்கள் காணி எதற்குள் அடங்குகிறது என்பதைப் பிரதேச சபையில் கேளுங்கள். வெள்ளையடிக்கவும் உடைந்த ஓடுகளை மாற்றவும் யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள்.

வேலியிலிருந்து அளப்பது

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

2009க்குப் பிறகு மீளக்குடியேறியபோது பல காணிகளில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. பற்றையை வெட்டி, நினைவில் நின்ற இடத்தில் கதியால் நட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தக் கதியால் பூவரசாகத் தழைத்த பிறகு அதுவே எல்லை என்று ஆகிவிட்டது. அதிலிருந்து நாலடி உள்ளே விட்டு அத்திவாரம் வெட்டுகிறார்கள்.

கட்டட எல்லை, அதாவது வீதிப் பக்கம் கட்டடம் தாண்டக்கூடாத கோடு, வேலியிலிருந்து அளக்கப்படுவதில்லை, வீதியின் நடுக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. எத்தனை மீற்றர் என்பது வீதிக்கு வீதி மாறும். ஏ-9, பரந்தன் – முல்லைத்தீவு வீதி, மாங்குளம் – முல்லைத்தீவு வீதி ஆகியவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. மாகாண வீதியென்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள்ளொழுங்கையென்றால் பிரதேச சபை.

பெருவீதியோரத்தில் ஓர் அக்கா, மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய காசில் வீட்டுக்கு முன்னால் கடை அறை எழுப்பினார். ஷட்டர் கதவு பூட்டி, வர்ணமும் அடித்தாயிற்று. அதன் பிறகுதான் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. “தம்பி, கட்டியபடியே ஒரு பிளான் கீறித் தாரும், தண்டத்தைக் கட்டிவிடுகிறேன்” என்றார். நடுக்கோட்டில் நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். முன்தூண்கள் எல்லாமே எல்லையைத் தாண்டி வீதிப் பக்கம் நின்றன.

பின்புறத்துக் குசினியாக இருந்திருந்தால், விதிக்கு அமைந்திருக்கும் பட்சத்தில், தண்டம் கட்டிப் பின் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். எல்லை தாண்டிய தூணை வைத்துக்கொண்டு எந்தப் பிளானைக் கீறுவது? நாமாக உடைக்காவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், இடிப்பதற்கான கட்டளையோடு திரும்பி வரும். அக்கா தாமே உடைப்பித்தார். சீற்றைக் கழற்றி அடுக்கினார்கள், ஷட்டரை அரைவிலைக்கு விற்றார்கள். “சபையால் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்ன மேசன் அன்று தொலைபேசியை எடுக்கவில்லை.

மதிலுக்கும் இதே கணக்குத்தான். அத்திவாரம் வெட்டுமுன் உங்கள் வீதியின் கட்டட எல்லையை எழுத்தில் வாங்குங்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளும் வேலிக்குள் நின்றபடியே அளவெடுக்கிறார்கள். வீதியில் இறங்கி நில்லுங்கள், வாகனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காணிப் பத்திரத்தைக் காட்டுவது

குடியேற்றத் திட்டக் காணிகளில் இது சாதாரணம். அனுமதி எங்கே என்று கேட்டால், பொலித்தீனில் சுற்றிப் பெட்டகத்துக்குள் வைத்திருந்த காணி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவந்து நீட்டுவார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலகத்தினூடாகக் கிடைத்த பத்திரம் அது. அந்தக் காணியில் நீங்கள் இருப்பதற்கு அது ஆதாரம். அதில் எழும்பும் சுவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிளானைப் பார்ப்பது பிரதேச சபை. செயலகமும் சபையும் ஒன்றென்று நினைத்து அலைபவர்களுக்குக் குறைவில்லை.

வயலை நிரப்புவது

ஒரு லோட் கிரவல் பறிக்குமுன் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்ப எழுத்துமூல அனுமதி வேண்டும்.

மலசலகூடக் குழி

கிணற்றிலிருந்து 50 அடி. அயல்வீட்டுக் கிணறும் கிணறுதான்.

மேசனிடம் சட்டம் கேட்பது

கேட்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கோப்பினை மூடுவது

பிளானுக்கு அனுமதி கிடைத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கட்டி முடித்த பிறகு, அனுமதித்தபடியேதான் கட்டப்பட்டிருக்கிறது என்று சபை பார்த்துத் தரும் அமைவுச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் குடிபுகுவதும் சட்டப்படி தவறு. வங்கியில் கடன் கேட்கும் நாளில் அதைத் தேடி ஓடுவார்கள். அதற்குள் ஜன்னல் இருந்த இடத்தில் கதவு வந்திருக்கும், பிளானில் இல்லாத சாய்ப்புப் பத்தி ஒன்று பின்னால் இறங்கியிருக்கும். பூச்சு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.