ஆஸ்டர், கோல்டன்ராட்: பூவை விடுங்கள், தண்டைப் பாருங்கள்

வட அமெரிக்காவின் கிழக்கில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஆஸ்டர், கோல்டன்ராட் செடிகள் எந்த இனம் என்று கண்டறிய, தாவரவியல் திறவுகோல் (பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தைச் சொல்லும் வழிகாட்டி) பெரும்பாலும் தண்டின் அடியிலுள்ள இலையை, அதாவது அடியிலையைக் கேட்கும். சிக்கலே அங்கேதான்: பூக்கும்போது பல இனங்களில் அது காய்ந்து உதிர்ந்திருக்கும். பூங்கொத்தை மட்டும் ஒடித்து வந்தால் பாதியில் நிற்க வேண்டியதுதான். அடி, நடு, உச்சி என மூன்று இடத்து இலைகளையும் படமெடுங்கள். பக்கத்தில் பூக்காத செடி இருந்தால் அதன் அடியிலையையும்.

பிறகு 10 மடங்கு லென்ஸ். இலையில் மூன்று நரம்பு தெளிவாக ஓடும் கோல்டன்ராடில், பூங்கொத்துக்குக் கீழே தண்டு வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் சாலிடேகோ ஜைஜாண்டியா (சாலிடேகோ என்பது கோல்டன்ராடின் பேரினப் பெயர்). நுண்மயிர் இருந்தால் பெரும்பாலும் அதே பேரினத்தின் கனடென்சிஸ் அல்லது அல்டிசிமா. ஜைஜாண்டியாவின் தண்டில் பெரும்பாலும் சாம்பல் போன்ற வெண்பூச்சு இருக்கும். விரல் பட்டால் அழிந்துவிடும், பார்த்த பிறகு தொடுங்கள்.

ஆஸ்டரில் இதழ் நிறம் ஏமாற்றும். பூத்தலைக்கு அடியிலுள்ள செதில்களில் பிசுபிசுக்கும் சுரப்பி மயிரும், தண்டைத் தழுவும் இலையும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் நியூ இங்கிலாந்து ஆஸ்டர், பூ ஊதாவானாலும் இளஞ்சிவப்பானாலும்.